பணிப்பதிவேட்டின்படி நாற்பத்தொன்பது கிலோ

காற்று இலவசமானது என்று பொதுமக்கள் நம்பி வருகிறார்கள். அது ஓர் அரசு அலுவலகத்துக்குள் நுழையும்வரை அந்த நம்பிக்கையில் தவறில்லை.

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த மலைக் குடியிருப்பு நல அலுவலகத்துக்கு 2012 ஜூன் மாதம் நான்கு சைக்கிள்கள் வந்து இறங்கின. அந்த வருடம் மவுண்டன் பைக் ஒரு மோஸ்தராக இருந்தது. தக்கலையில் டீக்கடை வரைக்கும் போகிறவர்கள்கூட ஹெல்மெட்டும் முழங்கால் உறையும் மாட்டிக்கொண்டு, பருத்த டயர் வைத்த சைக்கிளில் போனார்கள். மேலிடத்தில் யாரோ ஒருவர் காரில் இருந்தபடியே அதைப் பார்த்திருக்க வேண்டும். களப்பணிக்கு இனி மலைச் சைக்கிள் என்று ஆணை வந்துவிட்டது.

அந்த அலுவலகத்தில் களப்பணி என்றால் பிரிஜா. ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை தேன்பாறைக் குடியிருப்புக்குப் போய்க் குழந்தைகளை எடை போடுவது அவள் வேலை. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் ஒன்பது கிலோமீட்டர் கல் பாதை, தோளில் எடை மெஷின். அலுவலக ஜீப் மலைக்குப் போகும். ஆனால் திட்ட அலுவலர் போனால்தான் போகும். திட்ட அலுவலர் போவதில்லை. சைக்கிள்கள் வந்த அன்று பிரிஜா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே சொல்கிறவள் இல்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது ஒரு சைக்கிளின் மணியை மெதுவாக ஒரு தரம் அடித்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கண்காணிப்பாளர் கிருஷ்ணமணி சாமான்களைச் சரிபார்த்தார். சக்கரம் எட்டு. டயர் எட்டு. டியூப் இல்லை. எட்டு டியூப்கள் குறைவாக வந்துள்ளன என்று மேலிடத்துக்கு எழுதினார். நாற்பத்தொரு நாள் கழித்துப் பதில் வந்தது: 'டியூப் இல்லாமையே மேற்படி சக்கரங்களின் சிறப்பு ஆகும்.' கிருஷ்ணமணி அதை ஏற்று, இருப்புப் பதிவேட்டில், 'டியூப் இல்லாமை, எட்டு எண்கள், நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஜீப் டிரைவர் தங்கையன் ஒரு சக்கரத்தைக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ தளும்பியது. வால்வைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"சார், இது நம்ம ரப்பர் பாலுல்லா. அம்மோனியா மணம் அடிக்குது."

"ஏய், இது வெளிநாட்டுத் திரவம். பஞ்சரானா தானே ஓட்டையை அடைச்சுக்கிடும்," என்றார் கிருஷ்ணமணி.

"எங்க வீட்டுப் பின்னால நாலு மரம் நிக்குது. அதுவும் வெளிநாடுதானா சார்?"

அடுத்தது காற்று. டயரின் பக்கவாட்டில், காற்றழுத்தம் பதினைந்து பவுண்டு முதல் ஐம்பது பவுண்டு வரை என்று அச்சிட்டிருந்தது.

"பதினஞ்சா, ஐம்பதா?" என்று கேட்டார் திட்ட அலுவலர் பத்மகுமார்.

"ரெண்டுக்கும் இடையில எதுவும் இருக்கலாம் சார்," என்றார் கிருஷ்ணமணி.

"எதுவும் இருக்கலாம்னு உத்தரவு போட முடியுமா? நாளைக்கு ஆடிட்டுக்கு வாறவன் டயரை அளந்து பாத்தா என்ன சொல்லுவீரு?"

ஆகவே, காற்று நிர்ணயக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் பத்மகுமார். செயலாளர் கிருஷ்ணமணி. உறுப்பினர் தட்டச்சர் ஓமனா. காற்றடிக்க வேண்டியவர் என்பதால் தங்கையனுக்கும், சைக்கிளில் போக வேண்டியவள் என்பதால் பிரிஜாவுக்கும் சுவரோரம் நிற்க அனுமதி அளிக்கப்பட்டது. குழு மூன்று முறை கூடியது. அதற்குள் பிரிஜா மூன்று முறை மலைக்கு நடந்தாள்.

மூன்றாவது கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

"ஆளைப் பொறுத்தது சார்," என்றாள், தரையைப் பார்த்தபடி. "கனம் கூடுன ஆளுக்குக் காத்து கூட வேணும். கனம் குறைஞ்ச ஆளுக்குக் குறைவாப் போதும். சைக்கிளோட வந்த புத்தகத்திலயே போட்டிருக்கு." பிறகு, உதவியாக இருக்கட்டும் என்று எடை மெஷினைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

பத்மகுமார் மெஷினைப் பார்த்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். ஓமனா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தங்கையனுக்கு ஜீப்பைக் கழுவ வேண்டியது ஞாபகம் வந்தது.

கிருஷ்ணமணிதான் நிலைமையைக் காப்பாற்றினார். "இந்த மெஷின் காட்டுறது இன்னைக்குள்ள எடை சார். நாளைக்கு மாறிரும். மாறுற ஒண்ணை நம்பி உத்தரவு போட முடியாது. பணியில சேர்ந்தப்போ டாக்டர் எழுதிக் குடுத்து, பணிப்பதிவேட்டுல ஏறுன எடை இருக்குல்லா? அதுதான் சட்டப்படி எடை."

பதிவேடுகள் வரவழைக்கப்பட்டன. 1983இல் பணியில் சேர்ந்த பத்மகுமார், நாற்பத்தொன்பது கிலோ. கிருஷ்ணமணி, நாற்பத்தாறு. ஓமனா, நாற்பத்தொன்று. போன வருடம் சேர்ந்த பிரிஜா, ஐம்பத்து நான்கு. இதன்மூலம், அந்த அலுவலகத்திலேயே மிகக் கனமான ஊழியர் பிரிஜா என்பது ஆவணப்பூர்வமாக நிறுவப்பட்டது.

"ஏட்டி, சாப்பாட்டைக் கொஞ்சம் கொறைக்கப் பாரு," என்றாள் ஓமனா, மூன்றாவது பழம்பொரியை எடுத்தபடி.

கணக்குப் போட்டால் பிரிஜாவின் டயருக்குத்தான் அதிகக் காற்று வந்தது. கிருஷ்ணமணி முகம் சுளித்தார். "களப்பணியாளர் சக்கரத்துல திட்ட அலுவலர் சக்கரத்தை விடக் கூடுதல் காத்தா? வெளிய தெரிஞ்சா மரியாதையா இருக்காது சார்."

குழு இந்த நுட்பத்தை உணர்ந்து, எடையோடு பதவியையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பத்மகுமாருக்கு இருபது பவுண்டு, கிருஷ்ணமணிக்குப் பத்தொன்பது, ஓமனாவுக்குப் பதினெட்டு, பிரிஜாவுக்குப் பதினேழு.

பிரிஜா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவ்வளவு பருத்த டயரில், தன் எடைக்கு, அந்தக் கல் பாதைக்குப் பதினேழு பொருத்தமாகவே இருந்தது. பத்மகுமாருக்குத்தான் இருபது போதாது.

"சார், உங்களுக்கு இருபத்தேழு பவுண்டாவது..."

"ஏன், எனக்கு மட்டும் என்ன?" என்றார் பத்மகுமார்.

"ஒண்ணுமில்ல சார்."

செப்டம்பரில் தொடக்க விழா நடந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலையோடு பத்மகுமார் முதலில் புறப்பட்டார். பின்னால் கிருஷ்ணமணி. ஓமனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஏறினால் சேலை மாட்டுமாம். கடைசியில், பதவி வரிசைப்படி, முதுகில் எடை மெஷினோடு பிரிஜா. அவளுக்கும் பின்னால் ஜீப்பில் தங்கையன்.

கல் பாதையின் முதல் வளைவிலேயே பத்மகுமாரின் பின்சக்கரம் ஒரு கல்லில் 'டக்' என்று இடித்தது. டயர் ரிம்மை விட்டு ஒரு விரல்கடை விலகியது. இருபது பவுண்டுக் காற்றும் பெருமூச்சாக வெளியேறியது. கூடவே வெள்ளைத் திரவம் பீய்ச்சி அடித்து, திட்ட அலுவலரின் முதுகு, மாலை, இடது காது ஆகியவற்றை நனைத்தது. அவர் மெதுவாகச் சாய்ந்து, ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தடிக்குள் கிருஷ்ணமணியின் டயரும் மேலதிகாரியைப் பின்பற்றியது.

தங்கையன் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தார். "இப்பம் மணம் தெரியுதா சார்? நம்ம ரப்பர் பாலுதான்."

பிரிஜாவுக்கு நிற்பதா போவதா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு கற்கள்மீது ஏறிப் போய்விட்டாள். டயர் கல்லுக்கு வளைந்து கொடுத்தது. வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக அன்று பத்து மணிக்கு முன்பே தேன்பாறையை அடைந்து, உட்கார்ந்து ஒரு கட்டன்சாயா குடித்தாள்.

அது மறுநாளே முடிந்தது. விசாரணை முடியும்வரை நான்கு சைக்கிள்களும் ஷெட்டில் பூட்டப்பட்டன. பிரிஜா மறுபடியும் நடந்தாள்.

நவம்பரில் விசாரணை அறிக்கை வந்தது. காற்றில் குறை இல்லை. அது உத்தரவுப்படி இருபது பவுண்டுதான். குறை எடையில். சம்பவத்தன்று திட்ட அலுவலர் தமது பணிப்பதிவேட்டு எடையில் இருந்தாரா என்பது உறுதி செய்யப்படவில்லை. எனவே ஊழியர்கள் அனைவரும் எடை போடப்பட்டு, பதிவேட்டோடு பொருந்துவதாகச் சான்று பெற்ற பிறகே சைக்கிள்கள் ஷெட்டை விட்டு வெளிவர வேண்டும். மெஷின் வைத்திருப்பவர் என்ற முறையில் சான்று வழங்கும் அதிகாரி பிரிஜா.

பத்மகுமார் செருப்பைக் கழற்றினார். கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மெஷினில் ஏறினார். முள் தொண்ணூற்று மூன்றில் நின்றது.

"எவ்வளவு மோளே?" என்றார், மின்விசிறியைப் பார்த்தபடி. அவர் அவளை மோளே என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

மேஜைமேல் அவளுக்குச் சைக்கிளை ஒதுக்கும் உத்தரவு கையெழுத்துக்காக விரிந்து கிடந்தது. வெளியே மழை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை.

"நாப்பத்தொன்பது சார்."

"கிராம் ஏதாவது?"

"கிராம் இல்ல சார். கணக்கா நாப்பத்தொன்பது."

பத்மகுமார் மூச்சை விட்டார், கையெழுத்தையும் போட்டார். பின்னாலேயே கிருஷ்ணமணி நாற்பத்தாறு கிலோ இருந்தார். ஓமனா நாற்பத்தொன்று. "ரெண்டு மாசமா ராத்திரி கஞ்சிதான் குடிக்கேன், அதான்," என்று அவளே விளக்கமும் தந்தாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பிரிஜா பதினேழு பவுண்டுக் காற்றில் மலையேறினாள். சைக்கிளைப் பலாமரத்தில் சாய்த்துவிட்டு எடை போட உட்கார்ந்தாள். வரிசையில் முதலில் பகவதி, இடுப்பில் இரண்டு வயது மகனோடு நின்றாள். பத்து கிலோவுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு மாதம் இரண்டு பாக்கெட் சத்துமாவு கூடுதலாக உண்டு.

"பத்தரை கிலோ," என்றாள் பிரிஜா சந்தோஷமாக. "நல்லா வளந்துட்டான். இனி கூடுதல் மாவு வேண்டாம்."

பகவதி நகரவில்லை. "தங்கையன் அண்ணன் காலையில ஜீப்பைக் கொண்டுவந்து அடிவாரத்துல நின்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டுப் போனாரு. பத்மகுமார் சாருக்கு நாப்பத்திநாலு கிலோ கொறைச்சியளாமே?"

பிரிஜா மெஷினின் முள்ளை மறுபடியும் பார்த்தாள்.

"என் பிள்ளைக்கு ஒரே ஒரு கிலோ கொறைச்சா என்ன டீச்சரே?"

பகவதிக்குப் பின்னால் பதினோரு தாய்மார் நின்றிருந்தார்கள். எல்லோரும் மெஷினைப் பார்க்காமல் பலாமரத்தடியில் நின்ற சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிஜா பேனாவைத் திறந்தாள்.

"எல்லாருக்கும் ஒரு கிலோவா," என்று மெதுவாகக் கேட்டாள், "இல்ல, ஆளைப் பொறுத்தா?"