மைக்ரானும் அரைக் கிலோ வெங்காயமும்

பிளாஸ்டிக் கவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஊரெங்கும் உண்டு. பிளாஸ்டிக் கவரே ஓர் ஆளைப் பார்த்துப் பயந்தது என்றால் அது எங்கள் மைக்ரானைப் பார்த்துத்தான்.

நாமக்கல்லில், மோகனூர் ரோட்டில் ஒரு மிக்சர் கம்பெனி. நான் அங்கே ஆபீஸ் குமாஸ்தா. அவர் பேக்கிங் சூப்பர்வைசர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள். இவர் கவரின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளக்கிற கேஜ் வைத்திருப்பார். பால் பாக்கெட், ஜவுளிக்கடைப் பை, எது கையில் கிடைத்தாலும் 'டிக்' என்று கவ்விப் பார்ப்பார். எடப்பாடியில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையை வாசலிலேயே அளந்து, "ஏனுங்க, இது தடை பண்ணுன பையில்லீங்களா?" என்று பெண்ணின் அப்பாவைக் கேட்டுவிட்டார். மனிதர் இவரை ஆபீசர் என்று நினைத்து, மறுபடி பந்தியில் உட்காரவைத்து இரண்டு ஜாங்கிரி வைத்தார். மைக்ரான் ஜாங்கிரியைச் சாப்பிட்டார். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்துக்கொண்டு எங்கள் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. போட்டிக் கம்பெனிக்காரர் பாக்கெட்டில் மூன்று பச்சை அம்புகளைப் போட்டு, 'முழுவதும் மறுசுழற்சி செய்யக்கூடியது' என்று எழுதியிருந்தார். தீபாவளிக்கு நம் கவரிலும் அது வேண்டும் என்றார் முதலாளி. இப்போதெல்லாம் அப்படி எழுதுகிறவர்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும். அதனால் கவர் அச்சடிப்பவர் உஷாராக, 'இது உண்மைதான்' என்று கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்டார். முதலாளி அதில் என் பெயரை டைப் அடிக்கச் சொன்னார்.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. பேனாவை எடுத்துவிட்டேன். அப்போதுதான் மைக்ரான் உள்ளே வந்தார்.

"சாமி, பேனாவக் கீழ வை. நம்ம கவர்ல மூணு அடுக்கு ஒட்டியிருக்குது, நடுவுல சில்வர். பிரிக்கவே ஆகாது. நாளைக்கு கேஸுன்னு வந்தா மொத ஆளா உன்னயத்தான் கூப்புடுவாங்க."

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. "சட்டம் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? இஷ்டமில்லீன்னா நாளையிலிருந்து வராத!"

"சரிங்க, வரலீங்க. போறதுக்கு முன்னால ஒரே ஒரு பரீட்சை வெச்சுப் பாத்துரலாமுங்க" என்றார் மைக்ரான்.

வியாழக்கிழமைதோறும் பத்து மணிக்கு கம்பெனி வாசல் வழியாக ஒரு டெம்போ வரும். 'பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக்குக்குச் சின்ன வெங்காயம்' என்று மைக்கில் கத்தும். மைக்ரானின் சட்டப் புத்தகம் அதுதான். வெங்காயம் கிடைத்தால் மறுசுழற்சி, கிடைக்காவிட்டால் குப்பை. அன்றைக்கு வியாழன். பேக்கிங்கில் வீணான கவர்களை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். முதலாளியே வீம்புக்கு அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

டெம்போக்காரர் ஒரு கவரை எடுத்துக் கசக்கினார். "சில்வர் கவருங்களா? வேண்டாமுங்க. சும்மா குடுத்தாலும் எடுக்கறவன் இல்லீங்க."

"முழுசும் மறுசுழற்சின்னு எழுதறாங்களேய்யா!"

"அப்ப எழுதுனவங்ககிட்டயே குடுங்க."

முதலாளி விடவில்லை. "ஒரு வெங்காயமாச்சும் போடய்யா!"

அடேயப்பா, அந்தக் குரலை இன்னும் நான் மறக்கவில்லை. ஒற்றை வெங்காயத்துக்கு முதலாளி நடுரோட்டில் மல்லுக்கு நின்றதைப் பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். டெம்போக்காரருக்கே மனசு இளகிவிட்டது. கவர்களை எல்லாம் முதலாளியின் காலடியில் கொட்டிவிட்டு, சாக்கை உதறிப் பார்த்தார்.

"சாக்கு நல்லா இருக்குதுங்க. இதுக்கு வேணா அரைக் கிலோ தாரேன்."

முதலாளி வெங்காயத்தோடு திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். அந்தத் தீபாவளிக் கவர் அம்புகள் இல்லாமல்தான் வந்தது. மைக்ரானை அப்புறம் யாரும் போகச் சொல்லவில்லை. அவரும் எதுவுமே நடக்காத மாதிரி, ரோட்டில் கொட்டிய கவர்களை அள்ள வேறு சாக்குத் தேடிப் போய்விட்டார்.

பொய்யில் இருந்தது என் பெயர். போக இருந்தது அவர் வேலை. நன்றி என்று ஒரு வார்த்தை அன்றைக்கு எனக்கு வாயில் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

இப்போது அவர் ஓய்வு பெற்று, சேலம் சூரமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பார்க்கப் போகும்போதெல்லாம் காகிதப் பையில் அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிப் போகிறேன். வெங்காயத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, பையைக் கேஜில் கவ்வி அளக்க ஆரம்பித்துவிடுகிறார். அளக்கட்டும். அவர் அளந்து முடிக்கும்வரை எனக்கு அங்கிருந்து கிளம்ப மனசே வருவதில்லை.