வர்றேங்க அண்ணனின் கறுப்பு ஷூ

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்ப அவரளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதர் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. கல்யாணத் தரகர். 'வர்றேங்க' என்று விடைபெற்ற பிறகுதான் பேச்சையே ஆரம்பிப்பார் என்பதால் ஊரே அவரை 'வர்றேங்க அண்ணன்' என்றது.

முப்பத்தாறு வயதில், பெண் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோய் அவரிடம் சரணடைந்தேன். என் ஜாதகத்தைப் பிரிக்கக்கூட இல்லை. நேராகக் கீழவாசலில் ஒரு செருப்புக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தினம் போட்டுக்கற மாதிரி கறுப்பு லெதர்ல ஸ்னீக்கர் காட்டுங்க. செருப்போட போனா மாட்டுத் தரகர்ங்கறாங்க. பளபளன்னு ஆபீஸ் ஷூ போட்டா, கடன் வசூலுக்கு வந்தவன்னு கதவையே திறக்க மாட்டேங்கறாங்க."

கடைக்காரர் லேஸ் இல்லாத ஜோடி ஒன்றை நீட்டினார். "இது டக்குனு மாட்டிக்கலாம் சார்."

"டக்குனு மாட்டினா டக்குனு கதவைச் சாத்திருவாங்களே. லேஸ் வச்சதா கொடுங்க. நீளமா."

கடையையே தலைகீழாக்கிய பிறகு, அலங்காரம் எதுவுமில்லாத ஒரு கறுப்பு ஜோடியில் மனம் நின்றது. லேஸை இழுத்தால் பக்கத்துக் கடை வரைக்கும் போகும்.

மறுநாள் பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் பார்த்தோம். இதுவும் தட்டிப்போனால் இந்த ஜென்மத்துக்குக் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். அந்தப் பயத்தில் கேசரிக்குக்கூட வாய் திறக்கவில்லை. பெண்ணின் அப்பா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். எங்கள் பக்கம் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப வர்றேங்க" என்று அண்ணன் வாசலில் குனிந்து லேஸைக் கையில் எடுத்தார்.

விருந்தாளி படியிறங்கும் முன் உள்ளே திரும்புவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. வீடே வாசலில் நின்றது. அண்ணன் ஒரு சுற்றுக் கட்டினார். "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுங்களா?" அவிழ்த்தார். "நாத்து விட்டாச்சா?" மறுபடி கட்டினார். பெண்ணின் அப்பா குறுவைச் சாகுபடியைப் பற்றி முழங்க ஆரம்பித்துவிட்டார். லேஸில் முடிச்சு விழுந்தது.

பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவருக்கு லேஸ் கட்டத் தெரியாதா?" என்று என்னைக் கேட்டாள்.

"கட்டத் தெரியுங்க. கிளம்பத்தான் தெரியாது" என்றேன்.

முதலில் சிரித்தது அவள் அப்பாதான். "தம்பி பேசுவாரா? உள்ள வாயே திறக்கலையே. வாங்க, ஒரு காபி சாப்பிட்டுப் போகலாம்."

அத்தனை நேரம் பிடிவாதம் பிடித்த முடிச்சை அண்ணன் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டு, தேர்தலில் ஜெயித்தவர் போல முன்னால் நடந்தார். காபி ஆறுவதற்குள் நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

இப்போதும் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வருகிறார். கல்யாண வயதில் இங்கே யாருமில்லை என்பது அவருக்கும் தெரியும். என்ன விஷயம் என்று நாங்கள் கேட்பதில்லை. நாலு நாள் தலை காட்டாவிட்டால் என் மனைவிதான் போன் போடுகிறாள்: "என்னண்ணே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"