காபி சிந்தியது

கிரான்செலே,
பிப்ரவரி, ஞாயிறு காலை.

கார் பக்கத்தின் பொறுப்பாசிரியர் திரு. யோர்கன் எக்ஸ்ட்ராண்ட் அவர்களின் மேலான கவனத்துக்கு,

வணக்கம். தாங்களும், தெற்கே மால்மோவில் தங்களோடு இருப்பவர்களும், கார் பக்கத்துப் படத்தில் தாங்கள் சாய்ந்து நிற்கும் சாம்பல் நிறக் காரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டில் நிற்கிறது, அதுவும் நலமே.

நான் தங்கள் நாளிதழின் சந்தாதாரர். தங்கள் மகளும்கூட. இந்தக் கடிதத்தைச் சந்தாதாரராகவே எழுதுகிறேன். ஏனென்றால் மகளாக எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததில்லை, சந்தாதாரர்களுக்கோ ஒரு வாரத்துக்குள் பதில் தருவதாகப் பத்திரிகையின் அடியில் அச்சிட்டிருக்கிறீர்கள். மாதச் சந்தா கட்டி அப்பாவைப் படிக்கும் பெண் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

விஷயம் இதுதான். சென்ற வியாழக்கிழமை 'பனியில் பத்திரம்' பத்தியில் தாங்கள் எழுதியது: "வடக்கே இருக்கும் என் மகளுக்கு உறைந்த ஏரியின்மேல் நானே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். நிறைந்த காபிக் கோப்பையை முழங்காலில் வைத்துக்கொண்டு, இது சிந்தாமல் ஓட்டு என்றேன். கார் வழுக்கியபோது, வழுக்கும் பக்கம் பார்க்காதே, போக வேண்டிய பக்கம் பார் என்றேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை." இதற்குத் தாங்கள் திருத்தம் வெளியிட வேண்டும். அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது தாங்கள் அல்ல. காபியும் சிந்தியது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளியைப் பாதியில் விட்டவள், ஆகவே கடிதத்தில் ஒழுங்கு குறைந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் வண்டியைத் தங்களுக்குத் தெரியும், தாங்கள்தான் விட்டுவிட்டுப் போனீர்கள். தங்கள் தென்பகுதி வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பழைய காரில் பின் இருக்கையைக் கழற்றி, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதபடி கட்டிப்போட்டு, முதுகில் ஒரு சிவப்பு முக்கோணத்தை மாட்டிவிட்டால் சட்டம் அதை டிராக்டர் என்று ஏற்றுக்கொள்ளும், லைசென்ஸ் வயது வராத என் வயதுக்காரர்கள்கூட ஓட்டலாம். அதில்தான் நான் மர ஆலைக் கேன்டீனுக்குப் போய் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. உருளைக்கிழங்கு யாரையும் எழுந்து நின்று பேசச் சொல்வதில்லை, அதனால் எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஏரி உறைந்ததும் வருகிறேன், வண்டியைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்து, உன்னை ஐஸுக்குக் கூட்டிப்போய் வழுக்கவும் மீளவும் பழக்குகிறேன் என்று இலையுதிர் காலத்தில் சொன்னீர்கள். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலும் சொன்னீர்கள். இங்கே எல்லா அப்பாக்களும் செய்கிற காரியம்தான். ஏரி தன் பங்குக்கு உறைந்தது. நான் ஒரு மாதம் பார்த்துவிட்டு, சரி, அப்பா வராவிட்டால் என்ன, அப்பாவின் பத்தி வாராவாரம் வருகிறதே என்று அதையே வைத்துக்கொண்டு வண்டியைத் தயார்செய்ய ஆரம்பித்தேன்.

'கதவு உறைந்துவிட்டால் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றவும்' என்று எழுதியிருந்தீர்கள். மால்மோவில் நீர் நீராகவே இருக்கும் போலிருக்கிறது. இங்கே ஊற்றிய நீர் கதவிடுக்கு முழுவதும் ஓடி அங்கேயே குடித்தனம் வைத்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பின்பக்கக் கதவைத் தூக்கி, சாமான் வைக்கும் இடத்தில் தவழ்ந்து முன்னிருக்கைக்குப் போனேன், ஆலையில் அதே வழியாகக் கால் முதலில் வெளியே வந்தேன். யாரும் என்னைப் பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் நான் இந்த உலகத்திடம் கேட்பது. ஆலையில் புகைபிடிக்க வெளியே வருகிறவர்கள் நான் வரும் நேரத்துக்குத் தங்கள் ஓய்வை மாற்றிவைத்துக்கொண்டார்கள்.

அடுத்து, 'நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடவும், பாதுகாப்பு முக்கியம்' என்று எழுதினீர்கள். இழுத்தேன். இங்கே எந்தக் குழந்தையைக் கேட்டாலும் கியரில் விட்டுவிட்டுப் போ என்று சொல்லும், ஆனால் குழந்தைகள் பத்தி எழுதுவதில்லையே. காலையில் பின்சக்கரம் இரண்டும் உறைந்து பிடித்துக்கொண்டன. சுற்றவே இல்லை. முன்சக்கரம் இழுக்க, பின்சக்கரம் சறுக்க, பனிச்சறுக்கு வண்டியில் குதிரைக்குப் பதில் காரையே கட்டியதுபோல ஊர்த் தெருவில் போனேன். எவர்ட்தான் கடையிலிருந்து ஓடிவந்து நிறுத்தினார். எவர்ட் இப்போது என் அம்மாவோடு வாழ்பவர், தாங்கள் போனில் 'அந்த பார்பர்' என்று சொல்வீர்களே, அவர்தான். அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஹேர் டிரையர். அதை நீள ஒயரோடு கொண்டுவந்து வண்டிக்கடியில் படுத்துச் சக்கரத்துக்குக் காற்றடித்தார். அந்த நேரம் கடைக்குள்ளே ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தது எங்கள் கேன்டீன் தலைவி ஸீவ். மறுநாள் எனக்கு உருளைக்கிழங்கு இல்லை, வெங்காயம் கொடுத்தார்.

இதற்குப் பிறகாவது நான் பத்தியை நம்புவதை நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு காலையில் வண்டிக்குள் உட்கார்ந்து தங்கள் பத்தியைப் போனில் படித்துக்கொண்டே கிளம்பினேன். கம்பத்திலிருந்து எஞ்சினைச் சூடாக்கும் ஒயர் வண்டியில் மாட்டியிருப்பது மறந்துபோனது. ஒயர் அறுந்திருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். அறுந்துபோகவில்லை, கம்பத்திலிருந்த பிளக் பெட்டிதான் பெயர்ந்து வந்தது. மர ஆலை வரை அது ஒயர் நுனியில் பக்கவாட்டில் குதித்துக் குதித்து வந்தது. பின்னால் மர லாரி விளக்கடித்துக்கொண்டே வந்தது. முப்பதில் போகிறவளுக்குப் பின்னால் வருகிற எல்லோரும் விளக்கடிப்பார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. ஆலை வாசலில் அந்த லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி, "பாப்பா, உன் நாய் பாவம், எவ்ளோ தூரந்தான் ஓடும், உள்ள ஏத்திக்க" என்றார். அன்றிலிருந்து ஆலையில் எல்லோரும் என் நாயின் உடல்நலத்தை விசாரிக்கிறார்கள். கேன்டீன் வாசலில் யாரோ ஒரு கிண்ணத்தில் தண்ணீர்கூட வைத்தார்கள். அதுவும் உறைந்துவிட்டது.

கடைசியாகத் தபால் பெட்டிகள். 'வழுக்கினால் பதறாமல் பிரேக்கை முழுசாக அழுத்திப் பிடியுங்கள், மற்றதைக் கார் பார்த்துக்கொள்ளும்.' தங்கள் கார் பார்த்துக்கொள்ளும். என் கார் என்னைவிட மூத்தது, அது எதையும் பார்த்துக்கொள்வதில்லை. பாலத்துக்கு அப்புறம் இருக்கிற வளைவில் அழுத்தினேன், அது அழகாக நேரே போய், எங்கள் சாலைக்காரர்கள் அத்தனை பேருடைய தபால் பெட்டிகளும் வரிசையாக நிற்கிற பலகையைப் படுக்கவைத்து, பனிக்குவியலில் மூக்கைச் சொருகிக்கொண்டது. எல்லோருடைய தபாலும் பனியில் கிடந்தது. நான் முட்டி போட்டுப் பொறுக்கினேன். எங்கள் பெட்டியும் திறந்து கிடந்தது. அதில் மால்மோவிலிருந்து எதுவும் இல்லை.

அன்று அம்மா சாவியை வாங்கிக்கொண்டாள். "ஐஸ்ல கூட்டிட்டுப் போய் யாராவது உனக்குப் பழக்கிவிடட்டும், அப்பறம் சாவி தரேன். இல்லேன்னா வசந்தத்துக்குள்ள வண்டிய வித்துருவேன்" என்றாள். வண்டி இல்லையென்றால் ஆலை இல்லை. ஆலை இல்லையென்றால் மறுபடி பள்ளிக்கூடம், மறுபடி எழுந்து நிற்பது. எனக்குப் போனில் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும் கூப்பிட்டேன். "இந்த வாரம் முடியாதும்மா, பத்தி எழுதியாகணும்" என்றீர்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "பனில எப்படி ஓட்டணும்னு" என்றீர்கள். நான் சரி என்றேன்.

எவர்ட்தான் வந்தார். அவர் ஓட்டுநர் தேர்வில் எத்தனை முறை தோற்றார் என்பது ஊரே சிரிக்கிற விஷயம், குளிர்காலத்திலும் அவர் நடந்துதான் போவார். நீச்சலும் தெரியாது. ஐஸில் துளைபோட்டுப் பார்த்து, ஒரு லாரியே நிற்கலாம் என்று நான் காட்டிய பிறகும், மீன்பிடிக்கிறவர்கள் போடும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஐஸில் விழுந்தால் குத்தி ஏறுகிற ஆணிகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னிருக்கையில் உட்கார்ந்தார். நடுக்கம் நிற்கட்டும் என்று ஒரு கோப்பைக் காபி ஊற்றிக்கொண்டார். தங்கள் புகழ்பெற்ற காபி அதுதான். கிளம்பட்டுமா என்று கேட்டேன். மூச்சை உள்ளே இழுத்தார். நம் ஊரில் அதற்கு ஆமாம் என்று பொருள். பயத்துக்கும் அதே சத்தம்தான் என்பது பாதி ஏரி போன பிறகே எனக்குத் தெரிந்தது. வண்டி பக்கவாட்டில் திரும்பியது, அவர் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தார், இந்த மனிதர் கதவைத் திறந்து குதித்துவிடப் போகிறார் என்று நான் அவரையே பார்த்தேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னார்: "என்னப் பாக்காத ஹில்லேவி. நான் எங்கயும் போகல. அங்க பாரு, கரையப் பாரு."

பார்த்தேன். வண்டி தானாக அந்தப் பக்கம் வந்தது. தாங்கள் பத்தியில் பெரிய எழுத்தில் போட்ட பொன்மொழி இதிலிருந்து செய்ததுதான், ஆனால் 'நான் எங்கயும் போகல' என்ற பாதியை விட்டுவிட்டீர்கள். காபி முழுவதும் அவர் கால்சட்டையில். அவர் கண்ணைத் திறந்து கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சரி, இன்னொரு தடவ திருப்பு, இனி சிந்தறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். இருட்டும்வரை திருப்பினோம். அம்மா சாவியைக் கொடுத்துவிட்டாள். அன்று மாலை ஏதோ காகிதம் விஷயமாக நீங்கள் கூப்பிட்டபோது அம்மா இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் சிரித்தது எனக்குக் கேட்டது. அடுத்த வியாழக்கிழமை அது பத்திரிகையில் வந்தது, எவர்ட் இருந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

பத்தியை எவர்ட்டிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், யாராவது கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் எழுதறாரு உங்கப்பா" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா காபி சிந்துச்சே" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே பின்வரும் திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: 'சென்ற வாரப் பத்தியில் ஏரியில் உடனிருந்தவர் கிரான்செலே முடிதிருத்துநர் எவர்ட் நோர்க்விஸ்ட். காபி சிந்தியது. "நானே" என்ற சொல்லை நீக்கி வாசிக்கவும்.' கறைபட்ட கால்சட்டை ஆதாரமாக இருக்கிறது, கேட்டால் அனுப்பிவைக்கப்படும். மற்றபடி தாங்கள் இனி வரவேண்டிய அவசியம் இல்லை. சாவி என்னிடம் இருக்கிறது. வழுக்கவும் மீளவும் தெரிந்துவிட்டது. வருவீர்கள் என்று ஜன்னலைப் பார்ப்பதையும் விட்டாயிற்று, காலையில் அந்த நேரத்தில் கண்ணாடியில் பனி சுரண்ட வேண்டியிருக்கிறது.

தங்கள் பத்தி நீடூழி வாழவும், தங்கள் ஊர்ச் சாலைகளில் ஒருபோதும் பனி விழாதிருக்கவும் வேண்டி, தங்கள் வீட்டாருக்கு என் வணக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
ஹில்லேவி.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஐஸில் பிடிப்புக்காக ஆணி பதித்த நான்கு டயர்கள் அடுக்கியிருந்தன. என் வண்டிக்கு அவை பெரியவை. யாருக்கு என்று எவர்ட்டைக் கேட்டேன். பத்தியில் போட்ட படத்தில் உங்கள் காரைப் பார்த்தாராம், டயரில் ஒரு ஆணிகூட இல்லையாம், அதோடு பாலத்துப் பக்கம் வந்தால் தபால் பெட்டிகள் மறுபடி தாங்காதாம். "அவரு வந்தா தெக்கால பெட்ரோல் பங்க்லயே நிறுத்தச் சொல்லு, நான் டயர உருட்டிட்டு வரேன்" என்றார். டயர் வேண்டுமென்று நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. திருத்தத்தை இப்போதைக்கு வெளியிட வேண்டாம். ஐஸ் மார்ச் கடைசிவரை தாங்கும். பாலத்தில் பிரேக் போடாதீர்கள். ஹேண்ட் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். கம்பத்தில் புதுப் பெட்டி மாட்டியாயிற்று, என் வண்டிக்குப் பக்கத்து இடத்தில் பனி வாரி வைத்திருக்கிறேன், காரை அங்கே விட்டு ஒயரை மாட்டுங்கள். திரும்பிப் போகும்போது மட்டும் மறக்காமல் கழற்றிவிடுங்கள், அப்பா. நீங்கள் எப்போதும் அவசரமாகக் கிளம்புகிறவர்.