புரட்டாசிக் கறிக்காரர்

புரட்டாசி பிறந்தால் மழை வருகிறதோ இல்லையோ, ஓர் ஆள் மட்டும் நிச்சயமாக வந்துவிடுவார். மற்றப் பதினோரு மாதமும் அவர் உங்களையும் என்னையும் போலச் சாதாரண மனிதர்தான். சமையலறைக்குள் போனால் தண்ணீர்ச் சொம்பு இருக்கிற இடம் மட்டும் தெரியும். புரட்டாசி முதல் தேதி காலையில் பெருமாளைக் கும்பிட்டு, இந்த ஒரு மாதம் கறி மீன் தொடுவதில்லை என்று நெற்றியில் நாமத்தையும் இழுத்துக்கொண்டு, அந்த நாமம் காய்வதற்குள் கையில் ஒரு பை காளானோடு வீட்டுக்குள் நுழைந்து, "இத கறி ஆக்கிக் காட்டறேன் பாரு" என்று கைலியை மடித்துக் கட்டுவார். இந்த இனத்துக்குப் புரட்டாசிக் கறிக்காரர் என்று பெயர். பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முப்பது நாளும் கறியைத் தொடமாட்டார். முப்பது நாளும் கறியைத் தவிர வேறொன்றை நினைக்கவும் மாட்டார்.

ஆரணியில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். நாம் பட்டுச்சேலை வியாபாரி வீரபாகுவைப் பார்ப்போம். அவர் கண்ணில் மண்ணைத் தூவிக் கலப்பு ஜரிகையை விற்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. முந்தானையை ஒரு தடவை தடவிப் பார்த்து, "இது பட்டு இல்லப்பா, பட்டு மாதிரி" என்று தூக்கிப் போட்டுவிடுவார். "மாதிரி" என்ற அந்தச் சொல்லை அவர் கடையில் ஒரு வசவு போலத்தான் சொல்வார். வீட்டில், புரட்டாசியில், அதே சொல்லுக்காக உயிரை விடுவார்.

அவர் கணக்குப்படி உலகத்துக் காளான்களெல்லாம் மாறுவேஷத்தில் திரிகிற கவுச்சி. சிப்பிக் காளானை நாராகக் கிழித்தால் கோழி. பட்டன் காளானை முழுசாகக் குழம்பில் போட்டால் முட்டை, நறுக்கி மிளகு தூவி வறுத்தால் ஈரல். பெரணமல்லூர்ப் பக்கம் ஒருத்தர் கொட்டகை போட்டு வளர்க்கிற பால் காளான் இருக்கிறதே, தடித் தண்டும் வெள்ளைக் குடையுமாக, அது சாட்சாத் ஆட்டுத் தொடை. அதற்காக அவர் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கேயே போய், ஒவ்வொரு தண்டையும் விரலால் அமுக்கிப் பார்த்து, பேரம் பேசாமல் வாங்கி வருவார். பேரம் பேசாமல் அவர் வாங்குகிற பொருள் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

வந்ததும் சட்டங்கள் ஆரம்பிக்கும். காளானைக் கழுவக் கூடாது, கழுவினால் தண்ணீரைக் குடித்துவிடும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அவர் துடைத்து வைத்துவிட்டு மிளகு இடிக்கப் போனதும், அவர் மனைவி ரேணுகாம்பாள் சத்தம் போடாமல் எல்லாவற்றையும் எடுத்துக் குழாயடியில் அலசிவிட்டு, திரும்பத் துடைத்து அதே தட்டில் வைத்துவிடுவார். பத்து வருஷமாக இது நடக்கிறது. பத்து வருஷமாக வீரபாகு, "துடைச்சதால பாரு, எவ்ளோ சுத்தமா இருக்குது" என்று சொல்லிகினு இருக்கிறார்.

அப்புறம் சோம்பு, கல்பாசி, கசகசா, மராட்டி மொக்கு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய். ஆட்டுக்கறிக்கு என்னென்ன உண்டோ அத்தனையும், ஆட்டைத் தவிர. குக்கரில் ஆறு விசில். காளானுக்கு எதற்கு ஆறு விசில் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் மகள் பவித்ராவும் ஒரு தடவை கேட்டாள். "கறின்னா ஆறு விசில்தாம்மா" என்று பதில் வந்தது. கடைசியில் நாலு துண்டு முருங்கைக்காயைப் போடுவார். எலும்பு வேண்டாமா? கடித்து உறிஞ்ச ஏதாவது இருந்தால்தானே கறி சாப்பிட்ட திருப்தி. சட்டியில் காளான் விட்ட தண்ணீர் மேலே ஏறி நின்றால் அதற்குக் குழம்பு என்று பெயர், வற்றிவிட்டால் வறுவல் என்று பெயர். எது வருமோ அதைத்தான் முதலிலிருந்தே செய்ய நினைத்ததாகச் சொல்லிவிடுவார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பரிமாறுகிற சடங்குதான் பெரிய பேஜார். இன்ன பதார்த்தம் என்று சொல்லமாட்டார். இலையில் வைத்துவிட்டு, தான் உட்காராமல், கரண்டியோடு எதிரில் நின்று, முதல் வாய் உள்ளே போகிற வரைக்கும் கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டு, "இன்னான்னு சொல்லுங்க பாக்கலாம்" என்பார். காளான் என்று சொன்னால் தப்பு. "கண்ண மூடிகினு இன்னொரு வாய் சாப்புடுங்க" என்று மறுபடி வைப்பார். சரியான பதில் வருகிற வரைக்கும் இலையில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்த வீட்டில் எல்லாரும் முதல் வாயிலேயே "மட்டன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகப் பழகியிருந்தார்கள்.

வீட்டார் சொல்வது போதாது என்று அவருக்கு வெளியிலும் ஒரு நீதிபதி இருந்தார். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் சாலமோன். அவருக்குப் புரட்டாசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்தால் அவர் வீட்டில் அசல் ஆட்டுக்கறி கொதிக்கும். அசலையும் நகலையும் ஒரே மணி நேரத்தில் ருசி பார்க்க வாய்ப்புள்ள ஒரே ஆள் அந்தத் தெருவில் அவர்தான். வீரபாகு காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டிவிட்டு, அது காலியாகிற வரைக்கும் அங்கேயே நிற்பார். சாலமோன் நல்ல மனுஷன். ஒரு கிண்ணத்தையும் மிச்சம் வைத்ததில்லை. "மட்டன் தோத்துப் போச்சு வீரபாகு" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லி அனுப்புவார்.

போன புரட்டாசியில் பவித்ராவுக்கு ஒரு வரன் அமைந்தது. பையன் வெற்றிச்செல்வன், செய்யார் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா இல்லை, அம்மா அபிதகுசாம்பாள்தான் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். இதற்கு முன் வந்த மூன்று வரனையும் காரணம் சொல்லாமல் தட்டிவிட்ட பவித்ரா, இந்தப் பையனுக்கு மட்டும் அம்மாவிடம் போய்த் தானாகவே சரி என்றாள். இரண்டு பேரும் அன்றிலிருந்தே ஃபோனில் பேசிகினு இருப்பது வீரபாகுவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். புரட்டாசி முடிந்ததும் பூ வைப்பதாகப் பேச்சு. அதற்கு முன்னால் ஒருவேளை கைநனைத்துவிட்டுப் போகட்டும் என்று அம்மாவையும் பிள்ளையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அபிதகுசாம்பாளைப் பற்றி ஒரு விஷயம் இவர்களுக்கு முன்பே தெரியும். பிள்ளைக்கு வேலை நிரந்தரமானால் ஆயுசுக்கும் புரட்டாசியில் கவுச்சி தொடுவதில்லை என்று அந்தம்மா வேண்டிக்கொண்டவர். வேலை நிரந்தரமாகி ஆறு வருஷம் ஆகிறது. அந்த மாதம் முழுக்க, கறி வெந்த பாத்திரத்தைக்கூட வீட்டுக்குள் விடமாட்டார். இது தெரிந்த ரேணுகாம்பாள் சாம்பார், வடை, பாயசத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். வீரபாகு கேட்பாரா? புரட்டாசியில் கறி சாப்பிட முடியாத சம்பந்தியம்மாவுக்கு, சாப்பிடாமலே சாப்பிட்ட சந்தோஷத்தைத் தன்னைத் தவிர வேறு யார் தர முடியும் என்று அவர் மனசார நம்பினார். அந்தம்மா மேல் அவ்வளவு மரியாதை அவருக்கு.

பவித்ரா என்ன செய்தாள்? அப்பாவைப் பற்றித் தெரியும். காளான் என்று சொன்னால் இலையில் மலை மாதிரிக் குவியும் என்றும் தெரியும். அதனால் முந்தின நாளே ஃபோனில், "அப்பா கேட்டா மட்டன் மாதிரி இருக்குதுன்னு சொல்லிடுங்க, குளுந்துடுவாரு" என்று சொல்லிவைத்தாள். பையனும் தலையாட்டினான். மாமனாரைக் குளிரவைக்க இவ்வளவு சுலபமான வழி யாருக்குக் கிடைக்கும்?

இலை போட்டாயிற்று. அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சோறு, சாம்பார், வடை எல்லாம் முறையாக வந்தன. அப்புறம் வீரபாகு சட்டியோடு வந்து, இரண்டு இலையிலும் கரும்பழுப்பாக, எண்ணெய் மினுமினுக்க, முருங்கைக்காய் ஒன்று துருத்திக்கொண்டு நிற்க, பால் காளான் வறுவலை வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் சாலமோன் வீட்டம்மா குக்கரைத் திறந்தார். அசல் ஆட்டுக்கறி வாசனை சுவர் ஏறிக் குதித்துக் கூடம் முழுக்க நிறைந்தது.

அபிதகுசாம்பாள் இலையைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்தவர், மூக்குக்கு நேரே வந்ததும் நிறுத்தினார். "இது இன்னாங்க?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? காளான் என்பீர்கள். மூன்றெழுத்து. ஆனால் பத்து வருஷப் பழக்கம் ஒருத்தரை அப்படிச் சொல்ல விடுமா? வீரபாகு கரண்டியைப் பிடித்தபடி புன்சிரிப்போடு, "நீங்களே சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

அந்தம்மா பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அதற்குள் ஒரு வாய் போட்டிருந்தான். ஆறு விசிலில் ரப்பராகிவிட்ட காளானைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, படித்த பாடத்தை ஒரு சொல் முன்னே பின்னே ஆக்கி ஒப்பித்தான். "மட்டன்தானே மாமா? சூப்பரா இருக்குது."

அபிதகுசாம்பாள் கையிலிருந்த துண்டை இலையில் வைத்தார். கத்தவில்லை, திட்டவில்லை. "எழுந்துருடா வெற்றி" என்று தானும் எழப் போனார்.

பிள்ளை பதறிப்போய், அம்மா நான் சும்மா சொன்னேன், இது மட்டன் இல்லை என்றான். "பூவே வைக்கல, அதுக்குள்ள இந்த வீட்டுக்காக பொய் பேச ஆரம்பிச்சிட்டியா" என்று கேட்டார் அம்மா. யார் சொல்லிக்கொடுத்துச் சொன்னான் என்று அவனால் சொல்ல முடியுமா? சமையலறை வாசலில் பவித்ரா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேணுகாம்பாள் குப்பைத்தொட்டியிலிருந்து காளான் வந்த பையை எடுத்துவந்து காட்டினார். பை காலியாகத்தானே இருக்கிறது, அதில் இருந்ததுதான் இலையில் இருக்கிறது என்று பையா வந்து சொல்லும் என்று அந்தம்மா அதையும் தள்ளுபடி செய்தார். சாப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும் என்றார் ரேணுகாம்பாள். கறியாக இருந்துவிட்டால் ஆறு வருஷ வேண்டுதலை யார் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டார் அந்தம்மா. அதுவும் நியாயம்தான்.

வீரபாகு இப்போதுதான் காளான்தாங்க என்றார், அதை யார் நம்புவது? பாதிச் சாப்பாட்டில் இலையைவிட்டு எழுந்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை, அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். அவர் மகளைப் பார்த்தார். மூன்று வரன் போனபோதும் அலட்டிக்கொள்ளாதவள், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். ஓடிப்போய்ச் சுவருக்கு மேலே எட்டி, சாலமோன் சார், ஜல்தியா வாங்க என்று கூப்பிட்டார்.

சாலமோன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். வாத்தியார், இப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்தவர் என்று ரேணுகாம்பாள் அறிமுகம் செய்தார். அபிதகுசாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க வாத்தியாரு. சர்ச்சுக்குப் போயிட்டு வந்திருக்கிறீங்க. பொய் சொல்லமாட்டீங்க. இவரு செய்யறது கறியா, காளானா?" என்றார்.

சாலமோன் வீரபாகுவைப் பார்த்தார். பல வருஷ ஞாயிறுகள் அவர் முகத்தில் தெரிந்தன. மட்டன் தோத்துப் போச்சு என்று இன்றைக்கும் சொன்னால் கல்யாணம் போச்சு. மாற்றிச் சொன்னால் எதிரில் நிற்கிற மனுஷன் போச்சு. நல்ல மனுஷனாக இருப்பதில் எவ்வளவு சங்கடம் பாருங்கள்.

வீரபாகுதான் வாயைத் திறந்தார். "உள்ளதைச் சொல்லுங்க சார்" என்றார்.

"கறி மாதிரி ஒரு நாளும் இருந்ததில்லம்மா" என்றார் சாலமோன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். காரியத்துக்கு அது போதும். ஆனால் அணை திறந்தது திறந்ததுதான். இது காளான் மாதிரியும் இல்லை, செருப்பு வாரை மிளகில் புரட்டின மாதிரி இருக்கும் என்றார். ஒரு கிண்ணத்தை முடிக்க மூன்று சொம்பு தண்ணீர் வேண்டும் என்றார். சிப்பிக் காளான் கோழி என்று வந்த ஞாயிறு தாடை வலித்து மறுநாள் பாடமே நடத்த முடியவில்லை, ஈரல் என்று வந்ததில் ஒரு துண்டை வீரபாகு பார்க்காத நேரத்தில் பூனைக்குப் போட்டேன், பூனை என்னை ஒரு பார்வை பார்த்தது என்றார். எண்ணெயில் வெறுமனே வதக்கி உப்புப் போட்டிருந்தாலே அருமையாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். ரேணுகாம்பாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பவித்ராவும் ஆட்டினாள். வருங்கால மாப்பிள்ளை இன்னும் அந்த முதல் வாயை மென்றுகொண்டே ஆட்டினான்.

அபிதகுசாம்பாள் திரும்ப நன்றாக உட்கார்ந்தார். பெருமாளே என்று சொல்லிவிட்டு, வைத்த துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நிறைய நேரம் மென்றார். மற்றப் பதினோரு மாதமும் கறி சாப்பிடுகிறவர் ஆயிற்றே, அவருக்குத் தெரியாதா?

"சார் சொல்றது நெசம்தான்" என்றார்.

வீரபாகுவுக்கு உயிர் வந்தது. அதே நொடியில் வேறெதுவோ போயும் போனது. மகள் சிரிக்கிறாள், அது போதும் என்று தோன்றியது. ஆனாலும் நெஞ்சு வலித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பழக்கதோஷத்தில் கரண்டியை எடுத்து, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டார்.

அந்தம்மா இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். "போதும், மோரு ஊத்துங்க சம்பந்தி" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இவ்வளவு நேரம் வீரபாகுவைப் பார்த்துச் சிரித்தீர்கள். சந்தோஷம். உங்கள் கையால் மட்டுமே செய்ய வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்கிற ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்குமே? காளானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் அதைச் செய்கிற நாளில் பிள்ளைகளுக்கு வெளியே திடீரென்று வேலை வரும். விருந்தாளி முதல் வாயிலேயே பிரமாதம் என்பார், இரண்டாம் வாய்க்குத் தண்ணீர் கேட்பார். அவர்கள் சொன்னது நெசமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படாதீர்கள். உங்கள் பெண்ணின் கல்யாணமே அந்தப் பதிலில் மாட்டிக்கொண்டு நின்றால் ஒழிய ஒருத்தரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். பெண் இன்னும் பள்ளிக்கூடம்தான் போகிறாள் என்றால் பயமே இல்லை, தாராளமாக அடுப்பைப் பற்றவையுங்கள்.