சண்டைக்கு ஒரு ஃபிளாட்

கொழும்பில் சண்டை பிடிப்பதற்கென்றே ஃபிளாட் வாடகைக்கு எடுத்த மனிதர் ஒருவர்தான். அவரை நாங்கள் 'பால் சேர்மன்' என்போம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கையில், நாலாம் மாடியில், எனக்குப் பக்கத்துக் கதவு.

ஹெந்தளைக்கு அப்பால் அவர்களுக்குக் குடும்பப் பண்ணை. நூற்றிருபது மாடுகள். சேர்மன், தங்கச்சி ஸ்டெல்லா, தம்பி அன்ரன் மூவரும் பங்காளிகள். மாட்டுக்கு முன்னால் குரலை உயர்த்தக் கூடாது என்பது சேர்மனின் சட்டம்.

"சத்தம் கேட்டா மாடு பாலை ஒளிச்சுப்போடும் தம்பி. அதுவும் அன்ரன்ட சத்தத்துக்கு ரெண்டு நாளைக்குக் கறவாது" என்பார்.

ஆகவே தீவன விலையோ, புதுக் கறவை மெஷினோ, எந்தப் பிணக்கு வந்தாலும் மூவரும் பண்ணையின் வான் வண்டியில் ஏறுவார்கள். கொட்டாஞ்சேனை நெரிசலில் வாய் திறக்காமல் இருந்து, காலி வீதி முழுவதும் பல்லைக் கடித்து, லிப்டில் முகம் பாராமல் நின்று, ஃபிளாட் கதவைச் சாத்தியதும் தொடங்குவார்கள்.

"வானுக்குள்ளேயே முடிக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டிரைவர்தான் பின்னேரம் பால் கறக்கிறவர். அவர் மனம் குழம்பினா மாட்டுக்குத் தெரிஞ்சிடும்."

சண்டை முடிந்ததும் மன்னிப்பாக எனக்கொரு சட்டி தயிர் வரும்.

ஒருநாள் பெரிய பிணக்கு வந்தது. காணியை மாடி வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட வேண்டும் என்றார் அன்ரன். விற்பனைத் தாளில் அவருடைய கையெழுத்து இருந்தது. ஸ்டெல்லாவும் வைத்துவிட்டால் சேர்மனால் ஒன்றும் செய்ய முடியாது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"சாணி மணத்தோட சீவிச்சது போதும். இனி ஒரு மாட்டின்ர முகத்திலயும் முழிக்க மாட்டன்" என்றார் அன்ரன்.

ஸ்டெல்லா பேனையைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அன்ரனின் போன் அடித்தது. பண்ணையில் தலைக்கன்று போடுகிற மாட்டுக்குக் கன்று குறுக்கே கிடக்கிறதாம். மிருக வைத்தியர் வர இரண்டு மணித்தியாலமாகுமாம்.

"ஒருத்தரும் இழுக்க வேண்டாம். அவளைப் படுக்க விடாம நடத்துங்கோ, நான் வாறன்" என்றபடி அன்ரன் வெறுங்காலோடு படியில் இறங்கி ஓடினார்.

நானும் எழும்பினேன். சேர்மன் கையைப் பிடித்து இருத்தினார். "அவன் போகட்டும். நான் போனா கண்டை எடுக்க நான்தான் கை வைப்பன், அவன் விலகி நிண்டிடுவான்." சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்கு இரண்டாம் தரமும் சீனி போட்டார். ஸ்டெல்லா பேனையை மூடிக் கைப்பையில் போட்டார்.

பின்னேரம் அன்ரன் போன் எடுத்தார்; சேர்மன் ஸ்பீக்கரில் போட்டார். மாட்டடியில் நின்றபடியால் மெதுவாகத்தான் பேசினார். "பசுக்கண்டு அண்ணை. தாயும் சுகம். அந்தத் தாளைக் கிழிச்சு விடுங்கோ." சேர்மன் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

அடுத்த மாதமே ஃபிளாட்டை விட்டுவிட்டார். பண்ணைப் பொறுப்பு முழுவதும் இப்போது அன்ரனிடமாம், வாக்குவாதப்பட ஒன்றுமில்லையாம். விடைபெற வந்தவரிடம் சந்தோஷம் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையாகவே சந்தோஷம்தான். ஆனாலும் அவர் போன பிறகு, வெறுந் தயிர்ச்சட்டியைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் குடும்பம் இன்னும் இரண்டு வருசமாவது சண்டை பிடித்திருக்கக் கூடாதா என்றிருந்தது.