போர்ட் ஒன்று, முன்னறை, மூடு

இந்தச் சனிக்கிழமை முன்னறையில், தன் சொந்தச் சாய்வு நாற்காலியில், காலை நீட்டிப் படுத்துப் பேப்பர் படித்தே தீருவது என்று ஸ்விட்சுக்காரர் முடிவு கட்டினார். உலகத்தில் இதைவிடச் சின்ன ஆசை ஒன்று உண்டா, நீங்களே சொல்லுங்கள். பாவி மனுஷனுக்கு ஒன்றரை வருஷமாக அதுகூடக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் மனைவி தையல் டீச்சர். சனிக்கிழமை பத்து மணி முதல் ஒரு மணி வரை முன்னறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து முப்பது பேருக்கு இன்டர்நெட்டில் வகுப்பு எடுப்பார். அந்த நேரத்தில் சாய்வு நாற்காலி மேல் துணிக் குவியல். நாற்காலியின் சொந்தக்காரர் பின்னறையில், ஓட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு முக்காலி மேல்.

ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. இதைத் தெருவில் விளக்கியே அவருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. இன்னமும் யார் வீட்டு ஃபேன் சுற்றாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இது இன்டர்நெட் கேபிள்களைப் பிரித்துவிடுகிற பெட்டி. வரிசையாகப் போர்ட் என்று துளைகள் இருக்கும், துளைக்கு ஒரு கேபிள். ஆபீசில் இப்படி நானூறு பெட்டிகள் அவர் பொறுப்பு. புதுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. நான் யார், என்ன செய்யணும் என்று கேபிள் வழியே கேட்கும். எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை அனுப்பும். அதில் உள்ளபடி அப்படியே நடக்கும். எதிர்க்கேள்வி கிடையாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது கிடையாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் இல்லையே. அதனால் ஆபீசில் கழித்துக்கட்டிய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்குங்க இது?" என்றார் டீச்சர்.

"வைஃபை ஒரு சுவரைத் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்குது. இது போட்டா உன் வகுப்பு நிக்காம ஓடும்."

"என் மேல இவ்வளவு அக்கறையா?"

அந்தக் கேள்வியிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

பெட்டியை நடை அலமாரியில் வைத்தார். முதல் போர்ட்டிலிருந்து முன்னறைக்குக் கேபிள். மூன்றாவதிலிருந்து பின்னறைக்கு. பின்னறையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், அதற்குள் ஃபைல். சனிக்கிழமை ஒன்பது ஐம்பதுக்கு மின்சாரம் நின்று திரும்ப வரும்படி ஒரு டைமர். பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, எல்லாப் போர்ட்டையும் திறந்துவைத்துக்கொண்டு கண் விழிக்கும். ஃபைலைக் கேட்கும். முன்னறையை மூடும், பின்னறையைத் திறக்கும். டீச்சர் மூட்டை முடிச்சோடு பின்னறைக்கு நடையைக் கட்டுவார். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பெட்டிக்கு அதே புத்திதான் வரும், பழியும் பெட்டி மேல்தான் விழும்.

எல்லாம் சரி. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். எந்த ஃபைலையும் வரிக்கு வரி விரல் வைத்து, வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார். இருபது வருஷமாக ஆபீசில் அப்படித்தான், பிழையே வந்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பின்னறையில் உட்கார்ந்து, "போர்ட் ஒண்ணு, முன்னறை, மூடு. போர்ட் மூணு, பின்னறை, திற" என்று மூன்று தடவை படித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அது நின்றுபோனதை அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. டைமர் டக்கென்றது. பெட்டி கண் விழித்து, ஃபைலை வாங்கி, விளக்குகளைச் சிமிட்டியது. பத்து மணிக்குப் பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னறைக்கு வந்தார்.

"எல்லாரும் காலர் துணியை எடுத்து வச்சுக்கோங்க" என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது முகமும் லேப்டாப்பில் பளிச்சென்று தெரிந்தது.

ஸ்விட்சுக்காரர் பின்னறைக்கு ஓடினார். அங்கே கம்ப்யூட்டரில் 'தொடர்பு இல்லை' என்று இருந்தது. ஃபைலைப் படித்தார். சரியாக இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது, பெட்டி ஃபைலைக் கேட்டது, கம்ப்யூட்டர் அனுப்பியது, அனுப்பின கையோடு செத்தது. இன்னொரு தடவை போட்டார். மறுபடியும் அதே. உத்தரவு போட்டவன் முகத்திலேயே கதவைச் சாத்துகிறதே, இதுவும் இந்த வீட்டுக் குணத்தைக் கற்றுக்கொண்டுவிட்டதா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னங்க, நெட்டு விட்டு விட்டுப் போகுது. கொஞ்சம் பாருங்களேன்."

நடைக்கு வந்து அலமாரியைத் திறந்தார். முன்னறைக் கேபிள் மூன்றாவது போர்ட்டில் இருந்தது. பின்னறைக் கேபிள் முதல் போர்ட்டில். ஒவ்வொன்றிலும் துணிப் பட்டையில் 'வகுப்பு', 'அவர்' என்று பூத்தையல் வேறு. ஃபைலை நம்பாதே, கேபிளைப் பார் என்று ஆபீசில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்ன மனுஷன் அவர்.

"கேபிளை யார் தொட்டது?" முன்னறைக்கு வந்து கேட்டார்.

"தூசி தட்டினேன். மாத்தி மாட்டிட்டேனா?" டீச்சர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். "முன்னறை எந்த போர்ட்ல இருக்கணும்? சொல்லுங்க, இப்பவே மாட்டிடறேன். நேத்து நீங்க ஒண்ணு, முன்னறை, மூடுன்னு படிச்சீங்களே."

"அது ஆபீஸ் ஃபைல்."

"ஆபீஸ்ல நம்ம முன்னறை இருக்கா?"

முப்பது பேரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். ஒன்று என்று சொன்னால் வகுப்பு நிற்கும், ஏன் நின்றது என்று முப்பது பேருக்கும் தெரியும்.

"மூணுதான்" என்றார். "சரியாத்தான் இருக்கு."

"அப்பாடா. வந்தது வந்தீங்க, இப்படி நில்லுங்க. தோள் அளவு காட்ட ஆள் இல்லாம தவிச்சுக்கிட்டு இருந்தேன்."

நின்றார். கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினார். பேப்பர் அக்குளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கலாமா என்று கேட்க அவருக்குத் தெம்பு இல்லை. ஒரு மணி வரை அவர் மேல் நாடா ஏறி இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது ஐம்பதுக்கு டைமர் டக்கென்றது. நடையில் பெட்டி கண் விழித்தது. பின்னறை முக்காலியிலிருந்து ஸ்விட்சுக்காரர் எழுந்தார். முன்னறைக்கு வந்து, மேஜைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார்.

"டீச்சர், சார் யாரும் கூப்பிடாமலே வந்து நிக்கிறாரே?" என்றாள் ஒருத்தி.

டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "ஒரே ஒரு தடவைதாம்மா சொல்லிக் கொடுத்தேன்."