கழிப்பறையில் ஒட்டிக்கொண்ட அம்பு

"என்ன சார், அம்புக்குக் குளிர் ஜுரமா?" என்று கேட்டாள் விசாரணைக் கவுன்டர்காரி.

 திரைக்காரர், பேருந்து நிலையத்தில் தான் அமைத்த சுவர் அகலத் திரைக்கு முன்னால் கையை நீட்டியபடி நின்றிருந்தார். தொடவே வேண்டாம், தூரத்திலிருந்து கை காட்டினால் போதும், திரையிலிருக்கும் சுட்டி அம்பு நகர்ந்து பேருந்து நேரப் பட்டியலைத் திறக்கும் என்று பீற்றிக்கொண்டது அவர்தான். பாழாய்ப்போன அம்பு வெடவெடவென்று நடுங்கியது.

மேலதிகாரி வந்துகொண்டிருந்தார். "இந்தத் தடவையும் சொதப்பினா வீட்டுக்குப் போயிடுங்க" என்று போனிலேயே சொல்லியாயிற்று.

திரைக்காரர் அம்பின் வேகத்தைக் குறைத்தார். நடுக்கம் நின்றது. ஒரு பெரியவர் கை நீட்டினார். அம்பு பாதி வழி வருவதற்குள் அவருக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று.

"நான் நடந்தே ஊருக்குப் போயிடறேன் தம்பி."

சரி, பக்கத்தில் வந்தாலே பொத்தான் அம்பை இழுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றினார். அது கழிப்பறைக்கு வழி காட்டும் பொத்தானில் போய் ஒட்டிக்கொண்டது. யார் எங்கே கை காட்டினாலும் கழிப்பறை.

"ஊருக்கு வழி கேட்டா எங்கய்யா போகச் சொல்லுது இது?" என்று ஓர் அம்மா சண்டைக்கு வந்தாள்.

இரண்டு கையும் சேர்ந்து உயர்ந்தால் அம்பை விட்டுவிட்டு நேரப் பட்டியலைத் திறக்கும்படி அவசர அவசரமாக மாற்றி முடிப்பதற்குள் மேலதிகாரி வந்து நின்றார்.

"எங்கே, காட்டுங்க."

திரைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். ஊஹூம். தலைக்கு மேலே போன கை, அசைவைப் பார்க்கும் கேமராவின் கண்ணுக்கு எட்டவில்லை. எம்பினார், குதித்தார், ஒன்றும் நடக்கவில்லை.

"ஜனங்க பஸ் ஏற வர்றாங்களா, போலீஸ்ல சரணடைய வர்றாங்களா? நாளையிலேர்ந்து வராதீங்க."

சொல்லிவிட்டு மேலதிகாரி வாசலை நோக்கி நடந்தார். திரைக்காரருக்கு இது இந்த வருஷத்தில் பறிபோகும் இரண்டாவது வேலை. மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

டிங்! திரை முழுக்க நேரப் பட்டியல் விரிந்தது.

போன மேலதிகாரி திரும்பி வந்தார். "என்னய்யா பண்ணினீங்க? மறுபடியும் பண்ணுங்க."

தலையில் கை. டிங்!

"வேலை என்னவோ செய்யுது. ஆனா இதை ஜனங்களுக்கு யாரு சொல்லிக்குடுக்கிறது?"

கவுன்டர்காரி கொட்டாவி விட்டாள். "சொல்லிக்குடுக்கவே வேணாம் சார். நம்ம பஸ் நேரத்தைக் கேட்டவங்க எல்லாரும் அதைத்தானே பண்றாங்க!"